புரோமோட்டருக்குப் 'படித்துறை': ஒரு முன்மொழிவு

ஐயா, வணக்கம்.

ஒரு மரபணுவை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கும் வேலை தொடங்க இடம் தரும் டி.என்.ஏ. பகுதிதான் புரோமோட்டர். அதற்குத் தமிழில் 'ஊக்குவிப்பான்' போதும் என்கிறீர்கள். மற்ற பாடங்களுக்குப் போதலாம். அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்தச் சொல் காலை வாரிவிடுகிறது.

கடலூர்ப் பக்கத்து நெல், கரும்பு விவசாயிகளுக்கு இந்தப் பாக்டீரியா உயிர் உரப் பாக்கெட்டாகத் தெரிந்ததுதான். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிப்பதோடு, இண்டோல் அசிட்டிக் அமிலம் என்ற ஆக்சினையும், அதாவது தாவர வளர்ச்சி ஹார்மோனையும், அது சுரக்கிறது. பக்கவேரும் வேர்த்தூவியும் பெருகுவதில் இதற்குப் பெரும் பங்குண்டு. டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஆக்சின் உருவாகும் பாதையில் முக்கிய நொதியைத் தருவது ஐபிடிசி (ipdC) மரபணு. பொதுவாக விளைபொருள் மிகுந்தால் உற்பத்தி அடங்கும். இங்கே தலைகீழ்! ஆக்சின் சேரச் சேர ஐபிடிசி இன்னும் மும்முரமாகிறது என்று 1999இல் வெளியான ஆய்வு காட்டியது. அதன் புரோமோட்டரில், தாவர மரபணுக்களில் ஆக்சினுக்கு இணங்கும் தொடரைப் போன்ற ஒரு தொடரும் இருக்கிறது.

இதைத் தமிழில் எழுதிப் பாருங்கள். ஆக்சின் 'வளர்ச்சி ஊக்கி'. புரோமோட்டர் 'ஊக்குவிப்பான்'. படியெடுப்பைத் தூண்டும் ஆக்டிவேட்டர் புரதத்தையும் 'ஊக்கி' என்போர் உண்டு. ஊக்கியால் ஊக்கி ஊக்குவிப்பானை ஊக்குவிக்கிறது என்றால், எது ஹார்மோன், எது புரதம், எது டி.என்.ஏ. என்று சிதம்பரத்தில் வேளாண்மை படிக்கும் பிள்ளைக்கு எப்படி விளங்கும்?

'வளர்ச்சி ஊக்கி' உழவர் வாயில் ஊறிவிட்டது. அதைத் தொடக் கூடாது. புரோமோட்டர்தான் இடம் மாற வேண்டும். என் பரிந்துரை 'படித்துறை'. படியெடுக்கும் நொதி டி.என்.ஏ.வில் வந்து ஏறும் துறை அது. கெடிலக்கரைப் படித்துறையோடு குழம்பாதா என்று அக்கா ஒருவர் கேட்டார். குழம்பாது, துணைநிற்கும். மரபணுவியலில் மேலோட்டம் (அப்ஸ்ட்ரீம்), கீழோட்டம் (டவுன்ஸ்ட்ரீம்) என்று ஏற்கெனவே ஆற்றின் மொழியில்தான் பேசுகிறோம். நொதி துறையில் ஏறி, கீழோட்டமாக நகர்ந்து படியெடுக்கிறது. வலுவான புரோமோட்டரை வல்துறை என்றும் வலுக்குறைந்ததை மெல்துறை என்றும் சுருக்கமாகச் சொல்லலாம். ஆக்டிவேட்டருக்குத் 'தூண்டுபுரதம்' போதும்.

இனி வாக்கியம் இப்படி வரும்: "ஆக்சின் மிகும்போது ஐபிடிசியின் படித்துறையில் படியெடுப்பு கூடுகிறது."

புரோமோட்டருக்கு மாற்றாக நீங்கள் சொன்ன 'முன்னியக்கி'யையும் எடைபோட்டேன். புரோமோட்டரை அடுத்துள்ள டி.என்.ஏ. பகுதியான ஆபரேட்டரை 'இயக்கி' என்று எழுதும் வழக்கம் இருப்பதால் அங்கேயும் மோதல் வருகிறது. ஆபரேட்டரில் அடக்குபுரதம் அமர்ந்து நொதியை மறிப்பதால் அதை 'மறிப்பிடம்' எனலாமா? இதில் உங்கள் கருத்து வேண்டும் ஐயா.