புதுப்பிப்பு: பலவகைப் படங்களைக் கலந்து பார்த்ததில் கிடைத்தது

ஓவியத்தையும் ஒளிப்படத்தையும் வகை பிரிக்காமல் கலந்து பார்த்தால் புதிய எண்ணங்கள் பிறக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். பிறக்கின்றன, ஆனால் படங்களைச் சேகரிப்பதால் அல்ல, அருகருகே வைப்பதால். கலை வரலாற்றாளர் ஆபி வார்பர்க், 1929-இல் இறக்கும்வரை, கறுப்புத் துணி போர்த்திய பலகைகளில் பழைய சிற்பங்களின் ஒளிப்படங்களோடு அஞ்சல்தலைகளையும் நாளிதழ்ப் படங்களையும் பொருத்திப் பார்த்த முறையையே பின்பற்றினேன். 1840-களில் ஆங்கிலேயத் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை ஒளியுணர் தாளின்மீது நேரடியாக வைத்துப் பதித்த நீலநிற ஒளி அச்சுகளை, முன்புறக் கிளையொன்று காட்சியைக் குறுக்கே வெட்டும், ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் மரச்செதுக்கு அச்சுகளின் பக்கத்தில் வைத்தபோது, இரண்டிலும் வெற்றிடமே வடிவத்தைத் தாங்குவது தெரிந்தது (திரையில் ஒவ்வொன்றாக நகர்த்தியபோது இது தென்படவே இல்லை). நிறத்தை வைத்தும் படங்களைத் தொகுத்துப் பார்த்தேன், அது உதவவில்லை. பலகை அழகாக இருந்தது, அவ்வளவுதான்.