அம்மாவ கப்பல்லயே தலைமன்னாருக்கு கூட்டிட்டுப் போக வழி இருக்கா?

கோத்தகிரி மூடுபனி:
வணக்கம். நாங்க 1972ல இலங்கையிலேருந்து தாயகம் திரும்புன குடும்பம், அங்க மலைநாட்டு அட்டன்ல கோச்சி (ரயில்) ஏறி தலைமன்னார் வந்து அங்கேருந்து ராமானுஜம் கப்பல்ல ராமேஸ்வரம், அப்புறம் திரும்பி வந்தவங்கள தங்க வச்ச மண்டபம் கேம்ப், அதுக்கப்புறம் அப்பாவுக்கு இப்ப டேன்டீன்னு சொல்றோமே அந்த அரசு தேயிலைத் தோட்டத்துல வேலை கெடச்சு இந்த மலைக்கு வந்தோம். எனக்கு அப்ப 8 வயசு. கப்பலுக்காக காத்திருந்தப்ப கைக்குழந்தையா இருந்த என் தங்கச்சிக்கு காய்ச்சல், கரையோரத்துல ஒரு மீன்காரம்மா வீட்டுக்குள்ள கூப்பிட்டு சுடுதண்ணி வச்சுக் குடுத்து எங்களுக்கும் சோறு போட்டாங்க, அம்மா அத இன்னைக்கும் சொல்லுவாங்க. 2018ல நான் மட்டும் பிளேன்ல கொழும்பு போயி அங்கேருந்து ரயில்ல தலைமன்னார் போனேன். பழைய இறங்குதுறை துருப்பிடிச்சு நிக்குது, பக்கத்துல லைட்ஹவுஸ், மன்னார் ரோட்டுல கழுதைங்க நடமாட்டம், மணல்ல ஏத்தி வச்ச போட்டுங்க. வர மனசே இல்ல எனக்கு. இப்ப அம்மாவுக்கு 78, கடல் வழியாத்தான் போகணும்ங்கறாங்க. ராமேஸ்வரத்துலேருந்து போக முடியுமா?

கூடலூர்க்காரன்:
அண்ணே, ராமேஸ்வரம் தலைமன்னார் கப்பல் 80கள்ல நின்னதோட சரி, இப்ப இல்ல. நாகப்பட்டினம் டு யாழ்ப்பாணம் பக்கத்துல இருக்கற காங்கேசன்துறை தான் இருக்கு, 2023 அக்டோபர்ல ஆரம்பிச்சு சில நாள்லயே மழைக்காலம்னு நிறுத்தி மறுபடி 2024 ஆகஸ்ட்ல சிவகங்கை கப்பல் விட்டாங்க. சுமார் நாலு மணி நேரம். எல்லா நாளும் ஓடாது, அதனால தேதி பாத்துட்டு அப்புறம் கோவை பஸ்ஸ யோசிங்க, மொத நாளே நாகை போயி தங்கிருங்க, கோத்தகிரியிலேருந்து இறங்கி திருச்சி தஞ்சாவூர்னு போறதுக்கே வயசானவங்க களைச்சிருவாங்க. பாஸ்போர்ட்டோட ஈ.டி.ஏவும் (இலங்கைக்குள்ள போறதுக்கான அனுமதி) ஆன்லைன்ல முன்னாடியே எடுத்துருங்க.

குன்னூர் டீக்கடை:
ஐப்பசி கார்த்திகைல மட்டும் வேண்டாம் அண்ணே, வடகிழக்கு பருவமழைல கடல் கொந்தளிக்கும், கப்பலையே நிறுத்திருவாங்க. மாசி பங்குனி பரவால்ல. எங்க பாட்டிய கூட்டிட்டுப் போனப்ப வயிறு முட்ட சாப்பிட வச்சுட்டோம், பாவம் வாந்தி எடுத்து படுத்துட்டாங்க. இட்லி ரெண்டு போதும், வாந்தி மாத்திரை டாக்டர்ட்ட கேட்டு வாங்கிக்கோங்க, பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்கன்னா கண்டிப்பா கேக்கணும்.

பந்தலூர் அக்கா:
தம்பி, உங்க பதிவு படிச்சு அழுதுட்டேன். எங்க அம்மாவும் தாயகம் திரும்புனவங்கள அழ அழ ஏத்திட்டு வந்த அந்த அழுகைக் கோச்சில வந்தவங்க தான், ஊர திரும்ப பாக்காமயே போயிட்டாங்க. தள்ளிப் போடாதீங்க. யாழ்ப்பாணத்துலேருந்து மன்னாருக்கு பஸ் இருக்கு, பூநகரி வழி, சங்குப்பிட்டிப் பாலம் 2011ல வந்ததுலேருந்து சுத்தாம போகலாம். மன்னார்ல ஒரு ராத்திரி தங்கி மறுநாள் காலைல தலைமன்னார் பஸ் பிடிங்க. கடலோரம் வெயில் ஏறிட்டா அவங்களால நிக்க முடியாது.

கோத்தகிரி மூடுபனி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, பங்குனின்னு முடிவு பண்ணிட்டோம், தங்கச்சியும் வர்றா. அம்மாட்ட சொன்னேன், அன்னிக்கு கப்பல் கெளம்புனப்ப கொழந்தையயே பாத்துட்டு இருந்துட்டேன் கரைய திரும்பிப் பாக்கலன்னு சொன்னாங்க. அப்புறம் காங்கேசன்துறையிலேருந்து கோச்சி இருக்கான்னு கேட்டாங்க. மதவாச்சில மாறி தலைமன்னாருக்கு போற லைன் ஒண்ணு இருக்கு, 2018ல நான் அதுலதான் போனேன், சுத்து வழி தான். இப்ப வண்டி எந்த நேரம்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க, பஸ் வேண்டாமாம் அவங்களுக்கு.