காலி மனையில் கோலத் திடல்: கைகொடுக்க ஆள் வேண்டும்

வணக்கம். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இருக்கும் நம்மவர்களிடம் ஓர் உதவி கேட்கிறேன்.

2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு காலியான மனைகளில் 'கேப் ஃபில்லர்' அமைப்பு செய்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். பழைய வாஷிங் மெஷினில் காசு போட்டால் நம் போனிலிருக்கும் பாட்டு ஒலிக்கும் நடனத் தளம் வைத்தார்கள். அப்புறம், சரக்கு அடுக்கப் பயன்படும் மரப் பேலட்டுகள் 3,000-க்கும் மேல் அடுக்கி ஓர் அரங்கம். கட்டியவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். இடிந்துபோன ஊரில் மாலையில் போய் உட்கார ஓர் இடம் கிடைத்தது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அன்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் தெருமுனையில் இன்னும் ஒரு மனை சும்மா கிடக்கிறது. ஜனவரியில் ஆறு வாரம் பயன்படுத்திக்கொள்ள உரிமையாளர் சம்மதித்துவிட்டார். அங்கே பொங்கலையொட்டிக் கோலத் திடல் ஒன்று போட ஆசை. அக்கம்பக்கத்து எல்லாப் பிள்ளைகளும் வந்து புள்ளி வைத்துப் பழகலாம்.

சிக்கல் என்னவென்றால், தரை முழுக்கச் சரளைக்கல். மாவு நிற்காது. பலகை போட்டு அதன்மேல் வரையலாம் என்றால், வடமேற்குக் காற்று அடித்தால் பலகையே பறந்துவிடும். கருப்பு பெயின்ட் அடித்த பிளைவுட்டில் சாக்பீஸால் போடலாமா? பலகையைத் தரையில் எப்படிப் பிடித்து நிறுத்துவது? தச்சு வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். டிரெய்லர் வைத்திருப்பவர் ஒருவரும், இரண்டு சனிக்கிழமை காலை வரக்கூடிய பத்துப் பேரும் வேண்டும். பொது மக்கள் வரும் இடத்துக்குக் காப்பீடு எடுத்த அனுபவம் உள்ளவர்கள் அவசியம் எழுதுங்கள்; உரிமையாளர் முதலில் கேட்டதே அதைத்தான்.