அல்சேசன் நாய்க்குட்டி கேட்டு வாறவையிட்ட என்ன விசாரிக்கலாம்?

வணக்கம் உறவுகளே, பரந்தனில இருந்து எழுதுறன். எங்கட அல்சேசன் போட்ட குட்டியளுக்கு இப்ப ஆறு கிழமை. எட்டுக் கிழமைக்கு முதல் தாயிட்ட இருந்து பிரிக்க மாட்டன். பூச்சி மருந்து ரெண்டு கிழமைக்கு ஒருக்கா குடுக்கிறன், பார்வோ எண்ட வயித்தோட்ட வைரசுக்கு முதலாவது ஊசியும் போட்டாச்சு. விசர்நாய்த் தடுப்பூசி மூண்டு மாதத்தில, அதை வாங்கிறவைதான் போடோணும். போடுவினமோ?

நேற்று ஒருத்தர் வந்தார். முதல் கேள்வியே "தம்பி, நல்லாக் கடிக்குமோ?" தோட்டக் காவலுக்காம், பகல் முழுக்கச் சங்கிலியில நிக்குமாம். வன்னி வெயிலுக்கு, இந்த அடர் மயிரோட! காசை நீட்டினார், நான் வாங்கேல்லை. இன்னொருத்தருக்குப் பெட்டைக் குட்டிதான் வேணுமாம், வருசம் ரெண்டு ஈத்து எடுக்க. அவருக்கும் இல்லை எண்டிட்டன்.

குட்டி குடுத்துப் பழகினாக்கள் சொல்லுங்கோ: வீட்டை போய் வளவு, வேலி பாக்கிறனியளோ? வளக்க ஏலாட்டி எனக்கே திருப்பித் தரோணும் எண்டு எழுதி வாங்கினா ஆக்கள் கோவிப்பினமோ? அல்சேசனுக்கு இடுப்பெலும்புப் பிரச்சினை பரம்பரையா வரும். தாய்க்கு எக்ஸ்ரே எடுத்துப் பாக்க, கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் எங்க வசதி இருக்கு? தெரிஞ்சாக்கள் கீழ போடுங்கோ. விலை கேட்டு இன்பொக்ஸ் வராதேங்கோ.