அம்மாவுக்கு மட்டுமே புரிந்த அண்ணனின் சைகைகள்: நான் எங்கிருந்து ஆரம்பிப்பது?

கோவைத் தங்கை:

எல்லோருக்கும் வணக்கம். என் அண்ணனுக்கு 41 வயது. பிறவியிலேயே பெருமூளை வாதம். சக்கர நாற்காலிதான். இரண்டு கையும் இறுக்கம், விரல் நீட்டிக் காட்ட வராது. பேச்சு இல்லை. ஆனால் காது நன்றாகக் கேட்கும், நாம் பேசுவது எல்லாம் புரியும். சீரியலில் யாருக்கு யார் என்ன உறவு என்பது என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இத்தனை வருஷமும் அம்மாதான் பார்த்துக்கொண்டார். அண்ணன் ஒரு குரல் கொடுத்தால் போதும், அடுப்படியில் இருந்தபடியே "ஃபேனைக் குறைடி, அவனுக்குக் குளிருது" என்பார். கார்த்திகையில் அம்மா தவறிவிட்டார். அருப்புக்கோட்டை வீட்டைப் பூட்டிவிட்டு அண்ணனை என்னோடு கோவைக்கு அழைத்து வந்துவிட்டேன்.

மேலே பார்த்தால் ஆமாம். உதட்டைக் கடித்தால் பாத்ரூம். இது இரண்டும்தான் எனக்கு உறுதியாகத் தெரியும். முகத்தைத் திருப்பினால் சில நேரம் வேண்டாம், சில நேரம் அது வெறும் கழுத்து இழுப்பு. சாயங்காலம் ஆனால் ஒரு மாதிரி குரல் கொடுக்கிறார், கண்ணில் நீர் வருகிறது. "காபியா? டிவியா? படுக்கணுமா?" என்று வரிசையாகக் கேட்கிறேன். கடைசியில் எதற்கோ மேலே பார்க்கிறார். அதைக் கொண்டுவந்தால் வாயை மூடிக்கொள்கிறார். அக்கம்பக்கத்தில் "அடம் பிடிக்கிறான், நாலு நாள் விடு" என்கிறார்கள். அடம் இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் எதையோ சொல்கிறார்.

பள்ளிக்கு அனுப்பவே இல்லை. நான் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். எழுத்து தெரியுமா என்று யாரும் பார்த்ததில்லை. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காவிரிக்கரை அக்கா:

தங்கச்சி, அம்மாவை நினைத்து மனசு கனக்கிறது. அண்ணனுக்கு அம்மாவும் போய், தான் சொன்னால் புரிந்துகொள்கிற ஒரே ஆளும் போய்விட்டார். ஊரும் வீடும் மாறிவிட்டது. ஒன்று கேட்கிறேன்: அம்மா இறந்துவிட்டார் என்பதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நேராக, தெளிவாக யாராவது சொன்னீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே சொல்லுங்கள். அவர் 41 வயது மனிதர், மூத்த மகன்.

என் தம்பிக்கும் இதே வாதம்தான், 36 வயது. நாங்கள் திருச்சியில் இருக்கிறோம். எங்களுக்குப் பலன் தந்ததைச் சொல்கிறேன்.

முதலில் "இல்லை"க்கு ஒரு சைகை வேண்டும். ஆமாம் மட்டும் இருந்தால், அவர் சும்மா இருப்பது மறுப்பா, யோசனையா, களைப்பா என்று நமக்குத் தெரியாது. தலையாட்டலை நம்பாதீர்கள். நம் ஊரில் பக்கவாட்டில் ஆட்டினால் சரி என்றும் எடுத்துக்கொள்வோம், வேண்டாம் என்றும் எடுத்துக்கொள்வோம். போதாததற்கு அவருக்குக் கழுத்து இழுப்பு வேறு. கண்ணையே வைத்துக்கொள்ளுங்கள். மேலே பார்த்தால் ஆமாம், அது அப்படியே இருக்கட்டும். கண்ணை இறுக்கி மூடுவதா, கீழே பார்ப்பதா, எது இழுப்பில்லாமல் வருகிறதோ அது இல்லை. எது என்பதை அவரே முடிவு செய்யட்டும். பதில் வந்ததும் "மேலே பார்த்தீங்க, அப்ப ஆமாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நாம் சரியாகப் புரிந்துகொண்டோமா என்று அவருக்கும் தெரிய வேண்டும்.

கேட்டபின் காத்திருக்க வேண்டும். மனசுக்குள் பத்து எண்ணுங்கள், அதுவும் நிதானமாக. அவர் மனதில் பதில் உடனே வந்துவிடும். தசைதான் கேட்காது. அவசரப்படுத்தினால் உடம்பு இன்னும் இறுகும். அந்த இடைவெளியில் நாம் அடுத்த கேள்விக்குப் போய்விட்டால், காபிக்கு அவர் சொன்ன ஆமாம் டிவிக்குப் போய் விழும். உங்கள் சாயங்காலத்தில் இதுவும் நடந்திருக்கலாம்.

அடுத்தது, நான் உயிராக நினைக்கிற விஷயம். எந்தப் பட்டியல் சொன்னாலும் கடைசியில் "வேற ஏதோ" என்று ஒன்று இருந்தே ஆக வேண்டும். "காபியா, டிவியா, படுக்கணுமா, வேற ஏதோவா?" அது இல்லாவிட்டால் மனதில் இருப்பது பட்டியலிலேயே வராது. கேள்வி நின்றால் போதும் என்று எதற்காவது மேலே பார்த்துவிடுவார், கொண்டுவந்ததும் வாயை மூடிக்கொள்வார். நாம் நீட்டுகிற இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால், அது நம் விருப்பம்தானே தவிர அவர் விருப்பம் இல்லை.

பட்டியலையும் தலைப்பு தலைப்பாகப் பிரியுங்கள். உடம்பு, சாப்பாடு, இடம், ஆட்கள், சொல்ல ஒரு சேதி, வேற ஏதோ. தினமும் இதே வரிசையில் கேளுங்கள். வரிசை மனப்பாடம் ஆகிவிட்டால் தன் முறை எப்போது வரும் என்று தெரிந்து தயாராக இருப்பார். "உடம்பு" என்றால் அதற்குள் வலியா, அரிப்பா, குளிரா, உட்கார்ந்த வாக்கு சரியில்லையா என்று போங்கள்.

பொருளைக் காட்டிக் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. தம்பிக்குக் காலையில் சட்டை எடுக்கும்போது அவன் முன்னால், அவன் கண் மட்டத்துக்குக் குனிந்து உட்காருவேன். நீலச் சட்டை ஒரு கையில், கட்டம் போட்டது இன்னொரு கையில், தோள் அகலத்துக்கு விரித்துப் பிடிப்பேன். பெயரை ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வேன். நான் எந்தச் சட்டையையும் பார்க்க மாட்டேன், அவன் முகத்தை மட்டும்தான் பார்ப்பேன். என் கண் போகிற பக்கம் அவன் கண்ணும் வந்துவிடக் கூடாது இல்லையா? அவன் ஒன்றைப் பார்ப்பான், மற்றதைப் பார்ப்பான், திரும்ப வந்து ஒன்றில் நிற்பான். நிற்கிற இடம்தான் பதில். சந்தேகமாக இருந்தால் கை மாற்றிப் பிடித்து மறுபடி கேட்பேன். வாயால் கேட்கும்போதும் இப்படித்தான்: "டீயா காபியா" என்றால் காபி, "காபியா டீயா" என்றால் டீ என்று வந்தால், கடைசியாகக் காதில் விழுந்ததைச் சொல்கிறார் என்று அர்த்தம்.

வேறு வழி இல்லாத விஷயத்தைக் கேள்வியாகக் கேட்காதீர்கள். "மாத்திரை போடலாமா?" என்று கேட்டு, அவர் இல்லை என்ற பிறகும் வாயில் போட்டால் அந்த "இல்லை"க்கு மதிப்பே இல்லாமல் போகும். "மாத்திரை நேரம். நான் கொடுக்கவா, மாப்பிள்ளை கொடுக்கட்டுமா?" என்று கேளுங்கள்.

எழுத்து தெரியுமா என்று கட்டாயம் பாருங்கள். பள்ளிக்கே போகாமல் கேட்டும் பார்த்தும் கற்றுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். 247 எழுத்து என்று பயப்பட வேண்டாம், நம் இலக்கணம் இதற்காகவே பிரித்து வைத்த மாதிரி இருக்கிறது. 18 மெய்யும் வல்லினம், மெல்லினம், இடையினம் என்று ஆறு ஆறாக நிற்கிறது. ஓர் அட்டையில் மூன்று வரிசை: க ச ட த ப ற, ங ஞ ண ந ம ன, ய ர ல வ ழ ள. கீழே உயிர் 12. "முதல் வரிசையா? இரண்டாவதா? மூன்றாவதா?" வரிசை கிடைத்ததும் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துக்கொண்டே போங்கள், மேலே பார்த்ததும் நில்லுங்கள். அப்புறம் உயிர். "மெய், உயிர், வேற" என்று மூன்று தலைப்பாகவும் தொடங்கலாம். முழுச் சொல்லும் தேவைப்படாது. தம்பி "ம" என்றும் "ழ" என்றும் காட்டினாலே மாடியில் துணி காய்கிறது என்று எனக்குப் புரிந்துவிடும்.

பாலக்காட்டு மாமா:

ஓர் இடத்தில், பேசாத பிள்ளைகளின் கையையோ முழங்கையையோ ஒருவர் பிடித்துக்கொள்ள, அவர்கள் கீபோர்டில் கடகடவென்று டைப் செய்வதைப் பார்த்தேன். கவிதை எல்லாம் எழுதினார்கள். உங்கள் அண்ணனுக்கும் அதை முயன்று பாருங்களேன்.

பேச்சுப் பயிற்சியாளர்:

மாமா சொல்வது நல்ல எண்ணத்தில்தான், ஆனால் அந்த முறை வேண்டாம். கை பிடித்திருப்பவருக்கு ஒரு படமும், அந்தப் பிள்ளைக்கு வேறு படமும் காட்டி 1990களில் சோதித்தார்கள். டைப் ஆனது கை பிடித்தவர் பார்த்த படத்தின் பெயர். அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் 2018இல் இதைப் பயன்படுத்தவே கூடாது என்று அறிவித்தது. கோவைத் தங்கை, அண்ணனின் சொல் அண்ணனிடமிருந்தே வரட்டும். அக்கா சொன்ன கண் சைகை அப்படிப்பட்டதுதான்.

பழக்கம் திடீரென்று மாறினால் முதலில் உடம்பைப் பாருங்கள். சிபி, அதாவது பெருமூளை வாதம், உள்ள பெரியவர்களுக்கு மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், இடுப்பு மூட்டு வலி, பல் வலி எல்லாம் சாதாரணம். அவை வெளியே அடம் மாதிரிதான் தெரியும். சாயங்காலம் என்றால் எத்தனை மணி நேரமாக ஒரே வாக்கில் உட்கார்ந்திருக்கிறார் என்று கணக்குப் பாருங்கள்.

ஒரு நோட்டுப் போடுங்கள். இடப்பக்கம் அவர் செய்வது, நடுவில் அதன் அர்த்தம், வலப்பக்கம் நாம் செய்ய வேண்டியது. "உதட்டைக் கடிப்பார், பாத்ரூம், உடனே தூக்க வேண்டும்." உங்கள் பெரியம்மா, சித்தி, ஊர்ப் பக்கத்து வீட்டுக்காரர் எல்லோருக்கும் போன் போட்டு, அம்மா எதை எப்படிப் புரிந்துகொள்வார் என்று கேட்டு எழுதுங்கள். எழுதியதை அண்ணனுக்கு வாசித்துக் காட்டி அவர் சம்மதத்தையும் வாங்குங்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் அந்த நோட்டு கட்டிலிலேயே இருக்க வேண்டும்.

பேச முடியாதவர்கள் படத்தைத் தொட்டுச் சொல்ல உதவும் செயலிகளில் ஐஐடி பம்பாயில் உருவான ஜெல்லோ இலவசம். சென்னையில் உருவான அவாஸ் என்றும் ஒன்று இருக்கிறது. விரல் வராதவருக்குத் திரையை நீங்கள்தான் தொட வேண்டியிருக்கும், அதனால் அட்டையில் தொடங்குவதே நல்லது. ஆளை நேரில் காட்ட, சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா என்ற மருத்துவக் காப்பீட்டில் சிபி உள்ளவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு, பயிற்சிச் செலவும் அதில் அடங்கும். அம்மா இல்லாததால் சட்டப்படி பாதுகாவலர் யார் என்ற கேள்வி வரும். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட அளவில் அதற்கு ஒரு குழு உண்டு, கலெக்டர் அலுவலகத்தில் விசாரியுங்கள். அப்போதும் அண்ணனுக்கு விஷயத்தைச் சொல்லி, அவரைக் கேட்டுக்கொண்டே செய்யுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொடர்பு என்று சொல்லும்போது சைகையையும் மாற்று வழிகளையும் சேர்த்தே சொல்கிறது.

கோவைத் தங்கை:

எல்லோருக்கும் நன்றி. அம்மாவைப் பற்றி உட்கார்ந்து சொன்னேன். ரொம்ப நேரம் அழுதார், நானும்தான்.

இல்லைக்குக் கண்ணை இறுக்கி மூடுவதை அவரே எடுத்துக்கொண்டார். தலைப்பு வரிசையில் "உடம்பு", அதற்குள் "வலி", அப்புறம் "வாய்" என்று வந்தது. பல் டாக்டரிடம் போனோம், கடைவாய்ப் பல் சொத்தை, ஈறு வீங்கியிருந்தது. காபி சூடு பட்டதும் வாயை மூடியதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். ஆனால் பல் சரியான பிறகும் சாயங்காலக் குரல் நிற்கவில்லை. கேட்டால் "ஆட்கள்" என்கிறார், உள்ளே போனால் "வேற ஏதோ" என்கிறார். அங்கேயே நிற்கிறது. ஆனால் இப்போது அவர் கோபப்படுவதில்லை, நான் தேடுவது அவருக்குத் தெரிகிறது.

எழுத்து அட்டையில் என் மகள் பெயரின் முதல் எழுத்தைச் சரியாகக் காட்டினார். "ர", "ற" இரண்டும் குழப்புகிறது. அதற்கு என்ன செய்யலாம் அக்கா?

காவிரிக்கரை அக்கா:

முதல் எழுத்தே வந்துவிட்டதா! தங்கம், இதைவிட என்ன வேண்டும்.

ர, ற குழப்பத்தைத் திருத்தப் போகாதீர்கள். ல, ள, ழவும் அப்படித்தான். எதைக் காட்டினாலும் ஏற்றுக்கொண்டு சொல்லைப் பிடியுங்கள். எழுத்துப் பிழை பார்த்தால் பேச வந்தவர் பரீட்சை என்று நினைத்து நிறுத்திவிடுவார்.

"ஆட்கள்" என்கிறாரே, அதற்கு ஒரு யோசனை. ஊர் ஆட்களின் போட்டோவை வரவழைத்து, பெயரோடு ஓர் அட்டையில் ஒட்டுங்கள். சாயங்காலம் திண்ணைக்கு வந்து போகிறவர்கள், பால்காரர், எதிர்வீட்டுப் பாட்டி எல்லோரையும் சேருங்கள். அம்மா போட்டோவும் அதில் இருக்கட்டும். கடைசிக் கட்டத்தில் "வேற ஆள்" என்று எழுதி வெறுமையாக விடுங்கள்.