தாத்தாவின் அக்காவைத் தேடுகிறேன்

நண்பர்களுக்கு வணக்கம். பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். தாத்தாவின் அக்கா சென்னையில் திருமணம் முடித்து இங்கிலாந்துக்குப் போனவர். பிறகு தொடர்பே இல்லை. கையில் இருப்பது அவர் தம்பிக்கு அனுப்பிய ஜெபப்புத்தகம் மட்டும். கடைசிப் பக்கத்தில் பென்சிலால், 'மூத்தவன் பிறந்தான், லிவர்பூல், 1927.' கணவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை, வீட்டாரோடு பேச்சு வார்த்தை நின்றுபோன கல்யாணமாம்.

இங்கிலாந்து, வேல்ஸ் பிறப்பு, திருமண, இறப்பு அட்டவணைகளை ஃப்ரீபிஎம்டி தளத்தில் இலவசமாகத் தேடலாம். 1911 செப்டம்பர் காலாண்டு முதல் பிறப்பு அட்டவணையில் தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயரும் உண்டு. ஆனால் நமக்கு ஏது குடும்பப்பெயர்? அவருடைய தகப்பனார் பெயரான ஞானமுத்துவைப் போட்டுப் பார்த்தேன். அங்கிருந்த குமாஸ்தா அதை எந்த எழுத்தில் தொடங்கினாரோ! ஜி, ஜே, என் என்று மூன்று இரவுகள் போய்விட்டன.

மெட்ராஸ் தேவாலயப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் தமிழ்க் கிறிஸ்தவர் திருமணம் எதையாவது கண்டெடுத்தவர்கள் இங்கே உண்டா? எந்தப் பெயரில், எந்த எழுத்துக்கூட்டலில் கிடைத்தது? எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடிய அனுபவம் இருந்தாலும் சொல்லுங்கள். ஜெபப்புத்தகத்தின் அந்தக் கடைசிப் பக்கத்தின் படத்தைக் கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன்.