காமன் கூத்தில் புரொஜெக்டர்: குறத்தி 2073க்குக் குறி சொன்னால்?

கொட்டகலைப் பிள்ளை:
வருகிற மாசியில் இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காமன் ஊன்றுகிறார்கள், அதாவது சிவன் எரித்த காமன் திரும்ப எழும்பும் காமன் கூத்தைத் தொடங்குகிறார்கள். பெரியவர்கள் ஓர் இரவை மட்டும் எங்களைப் போன்ற இளசுகளிடம் விட்டிருக்கிறார்கள். குறவன் குறத்தி வரும் இடத்தில் லயத்துச் சுவரில் (தொழிலாளர் வரிசை வீட்டுச் சுவரில்) வெள்ளை வேட்டியைக் கட்டி, புரொஜெக்டர் போட்டு, நாம் இந்த மலைக்கு வந்து 250 வருடம் ஆகப்போகிற 2073ஐக் குறத்தி குறியாகச் சொல்வது போல் செய்யலாம் என்று ஆசை.

கனடாவின் மேரி கிளெமென்ட்ஸ் எழுதி 2002இல் மேடையேறிய 'பர்னிங் விஷன்' நாடகம் பற்றிப் படித்ததிலிருந்து வந்த யோசனை இது. பாறைக் குழிக்குள் இருந்து எதையோ எடுத்து, தங்களைப் போலவே முகம் உள்ள மக்கள் மேல் பறவை ஒன்று போடுவதை கனடாவின் ஆதிக்குடிகளான டெனே மக்களின் முதியவர் ஒருவர் முன்கூட்டியே கண்டாராம். பிறகு கிரேட் பியர் ஏரிக்கரையில் அந்த மக்களே மூட்டை மூட்டையாகச் சுமந்த யுரேனியத் தாது, அணுகுண்டுத் திட்டத்துக்குப் போயிருக்கிறது. 1998இல் அவர்களில் சிலர் ஹிரோஷிமாவுக்கே போய் வருத்தம் தெரிவித்தார்கள். மூட்டை என்றதும் எனக்குக் கொழுந்துச் சாக்குதான் கண்ணில் வந்தது. ஆனால் ரோபோ கொழுந்து பறிக்கிறது, லயத்துக்கு மேல் கார் பறக்கிறது என்று நான் எழுதிப் பார்த்ததெல்லாம் பொய்யாக இருக்கிறது. குறத்தி என்னதான் சொல்ல வேண்டும்?

பதுளை டீச்சர்:
தம்பி, அந்த டெனே முதியவர் சொன்னதில் புதுமையான பொருள் ஒன்றுமே இல்லையே, தன் நிலத்தில் என்ன தோண்டுகிறார்கள் என்பதைத்தானே பார்த்தார். நம் பதுளைப் பக்கம் மீரியபெத்தைத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். மலை சரியும், எழும்பிப் போங்கள் என்று 2005இலும் 2011இலும் சொன்னார்கள். போவதற்கு எங்கே காணி இருந்தது? 2014 அக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போய்விட்டன. அதுவும் ஒரு குறிதான், கேட்டவர்களுக்குக் காலை வைக்க இடமில்லாத குறி. உங்கள் குறத்தி 2073க்குப் போகும் முன் இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) உட்கார்ந்திருக்கும் அம்மாவின் கையைப் பிடித்து, "ஆத்தா, உன் காம்பராவுக்கு உறுதி இருக்கா?" என்று கேட்கட்டும். காம்பரா என்றால் லயத்து அறை, உறுதி என்றால் பலம் மட்டும் இல்லை, காணிப் பத்திரமும்தான். அதற்கு மேல் நீங்கள் எழுதவே தேவையில்லை, சனமே பேசும்.

மஸ்கெலியா:
டீச்சர் சொல்வது சரி. நான் படத்தைப் பற்றிச் சொல்கிறேன். தப்புப் பறையை நெருப்பில் காய்ச்சாமல் அந்தக் குளிரில் அடிக்க முடியாது, தோல் தொய்ந்து 'பொத்து பொத்து' என்றுதான் கேட்கும். அந்த நெருப்பு வெளிச்சம் வேட்டியில் பட்டால் படம் வெளுத்துவிடும், அதனால் நெருப்பு ஒரு பக்கம், திரை மறு பக்கம். பனி இறங்கினால் பயப்படாதீர்கள், புரொஜெக்டர் ஒளி பனிக்குள் கோடாக நிற்பதே தனி அழகு.

அப்புறம் எதிர்காலப் படத்தை கம்ப்யூட்டரில் தேடாதீர்கள். மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றும்போது பழைய மஸ்கெலியாக் கோயில் மேலே தெரியுமே, அதைப் படம் எடுத்துப் போடுங்கள். மூழ்கிப் போன ஊர் திரும்ப எழும்புவதைப் பார்க்கிறவனுக்கு, எரிந்த காமன் மூன்றாம் நாள் எழும்புவதும் ஞாபகம் வரும். இன்னொன்று: பேக்டரிச் சக்கரத்துக்கு ரோதைமுனி என்று பெயர் வைத்துக் கும்பிட்டவர்கள் நம் ஆட்கள். மெஷினும் சாமியும் ஒரே கதையில் வருவது நமக்குப் புதிதில்லை, ரோபோவைக் கடன் வாங்க வேண்டாம்.

ஹட்டன் வாசகி:
ஒரு விஷயம் மட்டும். ஆதிக்குடிகள் தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே சொல்லும் இந்த வகைப் படைப்புகளுக்கு 'ஆதிக்குடி எதிர்காலவியல்' என்கிற அர்த்தத்தில் பெயர் வைத்தவர் கிரேஸ் டில்லன், வட அமெரிக்க ஆதிக்குடிகளான அனிஷினாபே இனத்து அறிஞர். இந்தத் தீவில் ஆதிக்குடி என்றால் முதலில் வேடர்கள்தான். 1983இல் மாதுறு ஓயாவைத் தேசியப் பூங்காவாக்கி அவர்களை வேட்டைக் காட்டிலிருந்து வெளியேற்றினார்கள். நமக்கு நடந்தது வேறு: 1948இல் குடியுரிமை போனது, 1964இல் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று இரண்டு அரசுகளும் நம்மைக் கேட்காமலே பங்கு போட்டார்கள். நோட்டீஸில் அந்தப் பெயரைப் போடாதீர்கள் தம்பி, காமன் கூத்து என்றே போடுங்கள். அவர்கள் செய்யும் முறையைக் கற்றுக்கொள்வதில் தப்பே இல்லை.

கொட்டகலைப் பிள்ளை:
மூன்று பேருக்கும் நன்றி. கார், ரோபோ எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டேன். குறத்தி வேடம் கட்டும் மாமாவிடம் டீச்சர் சொன்ன கேள்வியைச் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதை முதல்ல நம்ம பணிய (கீழே இருக்கிற) லயத்துலதான் கேக்கணும், அங்கதான் சுவர் வெடிச்சிருக்கு" என்றார். திரையை அங்கேயே கட்டப் போகிறோம்.